புருஷோத்தமனின் வலது முழங்கால்

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்பதுதான் என் உத்தியோகம். கேட்டுவிட்டு, பதிலாக ஓர் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். ஹைதராபாதில் ஒரு பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், புது மருந்துகளை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் பிரிவில் நான் ஒருங்கிணைப்பாளர். பெயர்தான் பெரிசு. ஆட்களுக்குப் போன் போட்டு வரவழைப்பது, வந்தவர்களை உட்கார வைப்பது, வராதவர்களைத் திட்டாமல் திட்டுவது, மேடம் எழுதிக் கொடுத்த கேள்விகளை ஒரு சொல் மாறாமல் கேட்பது, இவ்வளவுதான் வேலை. இதற்குப் பொறுமை வேண்டும். உனக்கு ஏது பொறுமை என்று என் கணவர் சுந்தரேசன் கேட்பார். பகல் முழுக்க ஆபீஸில் செலவழித்துவிட்டு வந்தால் வீட்டுக்கு எங்கிருந்து மிஞ்சும்?

அந்தப் பொறுமையைச் சொட்டு விடாமல் உறிஞ்சித் தீர்த்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் புருஷோத்தமன்.

அரக்கோணத்துக்காரர். மீசை முளைத்த வயதில் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராகச் சேர்ந்து சிகந்தராபாதில் உள்ள லாலாகூடாவுக்கு வந்தார். ரயில் பெட்டிகளுக்கு அடியில் மண்டிபோட்டே பணிக்காலத்தை முடித்து, இரண்டு முழங்கால்களையும் ரயில்வேக்குத் தாரை வார்த்துவிட்டு ஓய்வு பெற்றார். இப்போது மனைவி கமலத்தோடு மாரெட்பள்ளியில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறார். பட்டை விபூதி, வெள்ளைச் சட்டை, கையில் எப்போதும் ஒரு மஞ்சள் பை. ஊரில் உள்ள மூன்று பாஷையையும் ஒரே மூச்சில் பேசுவார். டீ வேண்டுமா என்று கேட்டால், "நக்கோ, வொத்து, வேணாம்மா" என்று மூன்றிலும் மறுத்துவிட்டு, கொடுத்தால் இரண்டு கப் குடிப்பார்.

பட்டறையில் இருந்தவரை யூனியனில் முக்கியப் புள்ளி. நிர்வாகம் என்ன கொடுத்தாலும் போதாது என்று சொல்வதுதான் அங்கே அவர் பொறுப்பு. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது என்பது கமலத்தின் புகார். "எங்கல்யாணம் ஆன நாளா, சாப்பாடு நல்லா கீதுன்னு ஒரு வார்த்த அவரு வாயில வந்ததில்ல. ஆனா தட்டுல ஒரு பருக்க மிச்சம் வெச்சதும் இல்ல" என்று, முதல் முறை அவரோடு வந்தபோது என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இனி மேடத்தைப் பற்றி. டாக்டர் ப்ரியம்வதா, திருமுல்கேரியில் வளர்ந்தவர். அப்பா பாதுகாப்புத் துறையில் இருந்தார். வீட்டில் பெரியவர்கள் தமிழில் பேச, இவர் இங்கிலீஷில் பதில் சொல்லியே வளர்ந்தார். எங்கள் கட்டடத்தின் மேல்மாடி ஆய்வுக்கூடத்தில் கூழ் மாதிரி ஒரு மருந்தை வருஷக்கணக்கில் உருட்டி உருட்டிச் செய்தார். தேய்ந்துபோன முழங்காலுக்குள் அதை ஊசியாகப் போட்டால் வலி குறைய வேண்டும். எலிக்குக் குறைந்தது, முயலுக்குக் குறைந்தது, ஆட்டுக்கும் குறைந்தது. மனிதருக்குக் குறைகிறதா என்று பார்க்கும் வேலை என்னிடம் வந்தது. ஆட்டிடம் யாரும் எண் கேட்கவில்லை, அது நடப்பதைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். மனிதரிடம் வாயைக் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது.

ஏற்பாடு இதுதான். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு முழங்காலில் ஊசி. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்யும். ஊசி போடும் டாக்டர் தனி ஆள், போட்டுவிட்டுப் போய்விடுவார், எங்களிடம் வாய் திறக்க மாட்டார். மேடத்துக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதன் பிறகு மாதாமாதம் வந்து வலி எவ்வளவு என்று சொல்ல வேண்டும். ஆறாம் மாதம், கடைசி வருகையில் சொல்லும் எண்தான் முடிவைத் தீர்மானிக்கும். முடிவு நன்றாக வந்தால் இரண்டாம் கட்டம் உண்டு. அதில் எல்லாருக்கும் நிஜ மருந்து, மிச்சமிருக்கும் காலுக்கும் சேர்த்து. முடிவு சரியில்லை என்றால் எல்லாவற்றையும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இவ்வளவையும் ஒப்புதல் படிவத்திலிருந்து புருஷோத்தமனுக்கு வரி வரியாகப் படித்துச் சொன்னேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு "ஹவ், ஹவ்" என்று தலையாட்டினார். படித்து முடித்ததும், "கையெழுத்து எங்கம்மா?" என்றார். போட்டார். வலது முழங்காலில் ஊசி போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரமே பழைய யூனியன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்தார். குமரவேல், ஜகதீசன், இன்னும் ஒரு பட்டாளம். எல்லாருக்கும் முழங்கால் போயிருந்தது. "நல்ல எடம்ப்பா, மரியாதையா நடத்தறாங்க, ஏஸி கீது" என்று அவர் சொன்னதை நம்பி வந்தவர்கள். எனக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எங்கள் ஆராய்ச்சியில் பாதிக்கு மேல் ரயில்வேக்காரர்கள் ஆகிவிட்டார்கள். ஒரே பஸ்ஸில் வருவார்கள் என்பதால் எல்லாரையும் ஒரே நாளில் வரச் சொன்னேன். அதுதான் நான் செய்த தப்பு.

வலியை அளக்க ஓர் அட்டை உண்டு. ஒரு கோடு, அதில் பூஜ்யத்திலிருந்து பத்து வரை எண்கள். பூஜ்யத்துக்கு மேலே சிரிக்கிற முகம், பத்துக்கு மேலே அழுகிற முகம். முதல் மாதம் அதை புருஷோத்தமன் முன்னால் வைத்தேன்.

"வலி எவ்ளோ அங்கிள்? பூஜ்யம்னா வலியே இல்ல. பத்துன்னா தாங்கவே முடியல."

"ஏதோ கீது."

"நம்பர் சொல்லணும்."

"நம்பர்ல இன்னா கீது? எட்டு போட்டுக்கோ."

ஊசி போடுவதற்கு முன்னாலும் எட்டு என்றுதான் சொன்னார். எழுதிக்கொண்டேன். மூன்றாம் மாதமும் எட்டு. அன்று நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் நிற்பதற்கு முன்பே இறங்கி, இரண்டு ஆட்டோக்களுக்கு நடுவில் புகுந்து, படிக்கட்டில் எல்லாரையும் முந்திக்கொண்டு ஏறி வந்தார். என் அறை வாசல் வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு, "அப்பாடா, முருகா" என்று உட்கார்ந்தார்.

"அங்கிள், நல்லாத்தானே நடந்து வந்தீங்க?"

"எங்கம்மா? ஏதோ ஓடுது." பிறகு அட்டையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அந்தச் சிரிக்கிற மூஞ்சிகிட்ட வெரலக் கொண்டு போகவே ஒரு மாதிரி கீது. கண்ணு பட்டுரும்மா."

அன்று டீ கொடுக்கப் போனபோதுதான் வெளி பெஞ்சில் நடந்த கூட்டத்தைக் கேட்டேன். தலைமை, புருஷோத்தமன். "சரியாப் பூட்ச்சுன்னு மட்டும் எவனும் சொல்லிடாதீங்க. போன வருசம் நம்ம ஜகதீசன் தம்பி, சுகர் எறங்கிட்ச்சுன்னு ஊரெல்லாம் சொன்னான். இன்னா ஆச்சு? அடுத்த வாரமே ஆஸ்பத்திரில படுத்தான்." ஜகதீசன் பயபக்தியோடு தலையாட்டினார். அவர் தம்பி அந்த வாரம் கல்யாண வீட்டில் எத்தனை ஜாங்கிரி சாப்பிட்டார் என்பதை யாரும் கேட்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. என் பெண் நல்ல மார்க் வாங்கினால் பக்கத்து வீட்டில் நான் என்ன சொல்கிறேன்? "ஏதோ பாஸ் பண்ணிட்டா." புடவை நன்றாக இருக்கிறது என்றால், "பழசு" என்கிறேன். நம்மில் யார் "நான் ரொம்ப நன்றாக இருக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறோம்? எவ்வளவு சந்தோஷமாக இருந்தாலும் "பரவாயில்லை" என்பதைத் தாண்டி நம் வாய் போகாது. அட்டையைத் தயாரித்தவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

மேடம் நாளுக்கு நாள் வாடிப்போனார். யாருக்கு மருந்து, யாருக்கு உப்புத் தண்ணீர் என்று தெரியாவிட்டாலும் மொத்த எண்கள் அவர் கண்ணில் படும். மொத்தமும் எட்டிலும் ஏழிலும் உட்கார்ந்திருந்தது.

"யாருக்குமே குறையல பானு. நோபடி. ஆட்டுக்கு ஒர்க் ஆச்சே!" என்றார் ஒரு நாள். டிபன் பாக்ஸ் திறக்காமல் மேஜைமேல் இருந்தது. "இதுக்கு மேல எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல."

எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த மருந்துக்காக அவர் எத்தனை பண்டிகையை ஆய்வுக்கூடத்தில் கழித்தார் என்று எனக்குத் தெரியும். ஆனால் பெஞ்சில் கேட்ட பேச்சை வைத்துக்கொண்டு என்ன நிரூபிக்க முடியும்? அவர்களுக்கு நிஜமாகவே வலி இருந்தால்? பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆடிக் கிருத்திகை வந்தது. பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி முருகன் கோயிலுக்கு நானும் சுந்தரேசனும் போனோம். சிகந்தராபாதின் அத்தனை தமிழர்களும் அன்று அந்தக் குன்றில்தான் இருப்பார்கள். மேளம் காதைப் பிளந்தது. காவடிகள் வந்துகொண்டிருந்தன. கூட்டம் ஓர் இடத்தில் வட்டமாக விலகி நின்று கைதட்டியது. நானும் எட்டிப் பார்த்தேன்.

மஞ்சள் வேட்டி, கழுத்தில் மாலை, தோளில் மயிலிறகுக் காவடி. புருஷோத்தமன் ஆடிக்கொண்டிருந்தார். சும்மா அசைந்து கொடுக்கிற ஆட்டமில்லை. வலது காலை ஊன்றி ஒரு சுற்று, அதே காலில் ஒரு குதி, திரும்ப ஒரு சுற்று. மேளக்காரர் வேகம் கூட்டினால் இவரும் கூட்டினார். இடது காலை மட்டும் பார்த்துப் பார்த்து வைத்தார். பாரம் முழுக்க அந்த வலது காலில்தான்.

"யாரு, உனக்குத் தெரிஞ்சவரா? என்னமா ஆடறார்!" என்றார் சுந்தரேசன்.

"எட்டு" என்றேன் நான்.

அந்த நேரம் பார்த்து அவர் கண் என் மேல் விழுந்தது. ஒரு நொடி அப்படியே நின்றார். பிறகு, தோளில் காவடியோடு, முகத்தைச் சுளித்துக்கொண்டு நொண்ட ஆரம்பித்தார். அதிலும் பதற்றத்தில் இதுவரை குதித்துக்கொண்டிருந்த வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். மேளக்காரர் குழம்பிப்போய் அடியை நிறுத்திவிட்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சாமி சந்நிதியில் சிரிக்கக் கூடாது என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

பின்னால் பால் சொம்போடு வந்த கமலம் என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். "பானு, பாத்துட்டியா? கண்ணு வெச்சிடாத தாயே."

"நான் ஏன் ஆன்ட்டி வைக்கப் போறேன்?"

"ஒரு கால்லயே இந்த ஆட்டம். இன்னொரு காலும் சரியாச்சுன்னா, திருத்தணிப் படி ஏறிக் காவடி எடுக்கறதா வேண்டிகினு கீறாரு. அத்தன படி, ஒரு கால வெச்சுகினு முடியுமா? எடது காலுக்கு எப்ப ஊசி போடுவாங்கன்னு தூக்கத்துலயும் அதே பேச்சுதான்."

வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்குக் கொதித்தது. இடது காலுக்கு ஊசி வேண்டும் என்று சாமியிடம் கேட்கிறார். அந்த ஊசியே வராமல் போவதற்கான வேலையை என் மேஜையில் உட்கார்ந்து மாதாமாதம் செய்கிறார். வலி போகவில்லை என்று அவரும் அவர் பட்டாளமும் சொல்லிக்கொண்டே இருந்தால் இரண்டாம் கட்டம் ஏது? திருத்தணி ஏது?

திங்கட்கிழமை மேடத்திடம் எல்லாவற்றையும் கொட்டினேன். காவடியோடு நொண்டிய இடத்தில் மேடம் மேஜையில் தலையை வைத்துச் சிரித்தார். பல வாரங்களுக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீ அவர்கிட்ட ஒண்ணும் சொல்லக் கூடாது பானு. ஒரு ஹின்ட் கூட. நாம பதில் சொல்லிக் குடுத்தா முழு ஸ்டடியும் வேஸ்ட்."

"கேள்வியை மாத்திட்டா? எத்தனை படி ஏறினீங்கன்னு கேட்டா?"

"நடுவுல மாத்த முடியாது. அவரா ஏதாவது கேட்டார்னா, படிவத்துல என்ன இருக்கோ அதைப் படிச்சுக் காட்டலாம். அதுக்கு மேல ஒரு வார்த்தை கூடாது. ப்ராமிஸ்?"

சத்தியம் செய்தேன். வாயை மூடிக்கொண்டு இருப்பது எனக்குப் பட்டினி கிடப்பதைவிடக் கஷ்டம். கடைசி வருகைக்கு நினைவூட்ட ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன். புருஷோத்தமனிடமும் தேதியை மட்டும் சொன்னேன். கோயிலைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. போனை வைக்கப் போனபோது கேட்டார்.

"எடது காலுக்கு எப்பம்மா ஊசி?"

எனக்கு அந்தக் கேள்வி பாயசம் மாதிரி இருந்தது. படிவத்தை எடுத்து, அந்தப் பகுதியை நிதானமாகப் படித்தேன். முதல் கட்ட முடிவைப் பொறுத்தே இரண்டாம் கட்டம். முடிவு என்பது கடைசி வருகையில் பங்கேற்பாளர்கள் சொல்லும் வலியின் அளவு. வலி எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவே சொல்ல வேண்டும், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

அந்தப் பக்கம், டிவியை அணைக்கச் சொல்லிக் கமலத்தை அதட்டுவது கேட்டது.

"இன்னொரு வாட்டி படிம்மா."

படித்தேன்.

"நாங்க சொல்ற நம்பர வெச்சா முடிவு பண்றீங்க?"

"எல்லாரும் சொல்றதை வெச்சு."

"எட்டுன்னா?"

"அவ்ளோதான் அங்கிள் இதுல போட்டிருக்கு. வேற எதுவும் நான் சொல்லக் கூடாது."

"கைக்கும்மா, ஏம்மா? இத்த மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"சொன்னேன். நீங்க ஃபேனைப் பாத்துட்டிருந்தீங்க."

போன் வைக்கப்பட்டது. போறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அவர் நிலைமையை நினைத்துப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் கண் பட்டு வலது கால் போய்விடும் என்ற பயம். சொல்லாவிட்டால் இடது காலுக்கு வழியில்லை. அவர் நம்பிக்கையைப் பார்த்து நான் சிரித்தேனே தவிர, அந்தப் பயம் நிஜம். ஆறு மாதமாக வலியில்லாமல் நடந்த மனிதருக்கு அதை இழந்துவிடுவோமோ என்று இருக்காதா? அன்று எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் கரைந்துவிட்டது. பாவமாக இருந்தது.

கடைசி வருகை நாள். பஸ் வந்தது. ஜன்னலில் நின்று பார்த்தேன். புருஷோத்தமன் இறங்கினார், குமரவேல், ஜகதீசன், மற்றவர்கள் இறங்கினார்கள். கடைசியாக, வழக்கமாக வராத கமலம் இறங்கினார். கையில் அந்த மஞ்சள் பை. கட்டடத்துக்குள் வராமல், வாசலில் உள்ள வேப்பமரத்தடியில் எல்லாரையும் வரிசையாகக் கிழக்குப் பார்த்து நிற்க வைத்தார். யூனியன் தலைவரிலிருந்து எல்லாரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நின்றார்கள்.

பையிலிருந்து இரண்டு கை நிறையக் கல் உப்பு, வர மிளகாய், கடுகு எடுத்தார். நான் கீழே ஓடினேன்.

"ஆன்ட்டி, என்ன இது? இது ஆஸ்பத்திரி!"

"தெரியும். அதான் வெளியவே நிக்கறோம். நீ கம்முனு இரு" என்றார் கமலம். எனக்குத்தான் பேசக் கூடாது என்று சத்தியம் வேறு இருந்தது. கம்மென்று இருந்தேன். அவர் மூன்று முறை வலமாகவும் மூன்று முறை இடமாகவும் சுற்றினார். ஊர்க்கண், உறவுக்கண் என்று ஆரம்பித்து, நர்ஸ் கண், டாக்டர் கண், கம்ப்யூட்டர் கண் வரை யாரையும் விடவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "நீயும் வா, உங்கண்ணுதான் மொதல்ல பட்டது" என்று எனக்கும் சுற்றினார். எல்லாரையும் மூன்று முறை துப்பச் சொன்னார். துப்பினோம்.

அதை நெருப்பில் போட வேண்டுமே. நேரே எதிரில் இருந்த டீக்கடைக்குப் போய் அடுப்பில் கொட்டிவிட்டார். கடைக்காரர் பதறிப்போனார். "நக்கோ அம்மா, நக்கோ! சாய் கே சூலே மே மிர்ச்சி கைக்கு?" டீ அடுப்பில் மிளகாய் எதற்கு என்று இருமிக்கொண்டே கத்தினார். வாடிக்கையாளர்கள் கோப்பையோடு தெருவுக்கு ஓடினார்கள். எனக்குக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது.

"பாத்தியா, நெடியே வரல" என்றார் கமலம் திருப்தியாக. "அவ்ளோ கண்ணு இருந்துகீது. எல்லாம் பூட்ச்சு."

மூச்சு விட முடியாமல் நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

கமலம் பட்டாளத்தின் பக்கம் திரும்பினார். "இனிமே எந்தக் கண்ணும் உங்கள ஒண்ணும் பண்ணாது. உள்ள போயி நெசத்தச் சொல்லுங்க. வலி இருந்தா இருக்குன்னு, இல்லன்னா இல்லன்னு."

முதலில் புருஷோத்தமன் வந்து உட்கார்ந்தார். அட்டையை வைத்தேன். கேள்வியை எழுதியிருந்தபடியே கேட்டேன். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். வாசலில் நின்ற கமலத்தைப் பார்த்தார். விரல் எட்டில் இருந்து கிளம்பி, ஒவ்வோர் எண்ணாகத் தயங்கித் தயங்கி நகர்ந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, சிரிக்கிற முகத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஒண்ணு. மழ பேஞ்சா மட்டும் லேசா கீது. மத்தபடி வலியே இல்லம்மா. நல்லா கீறேன்."

அப்படிச் சொல்லிவிட்டு, தன் காதால் அதைக் கேட்டவர் மாதிரி திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். வலது காலை மெதுவாக நீட்டி மடக்கிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை.

அடுத்து ஜகதீசன், இரண்டு என்றார். குமரவேல் தயங்கித் தயங்கி, "எனக்கு நெசமாவே ஏழுதாம்மா" என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். வருத்தப்படாதீங்க அங்கிள், அதையும்தான் நாங்கள் கேட்கிறோம் என்றேன். ஐந்து சொன்னவர் உண்டு, எட்டு சொன்னவர் உண்டு, மூன்று சொன்னவர் உண்டு. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்த எண்கள் அன்றுதான் எழுந்து ஆளுக்கொரு பக்கம் நடந்தன.

ஒவ்வொருவர் தாளிலும், 'இடையில் வேறு சிகிச்சை ஏதேனும்?' என்று ஒரு கேள்வி உண்டு. நான் விதியை மீறுகிறவள் இல்லை. 'கல் உப்பு, மிளகாய், கடுகு. உடலுக்கு வெளியே. மூன்று சுற்று' என்று எழுதினேன். மேடம் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எல்லாருக்கும் சமமாச் சுத்தினாங்களா?"

"எனக்கும் சேர்த்து மேடம்."

"ரயில்வேக்காரங்களைத் தவிர மத்தவங்களுக்கு?"

"அவங்க வேற நாள் வராங்க. கமலம் ஆன்ட்டியை வரச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்" என்றார் மேடம். ஆனால் சிரித்தார். தாளில் கையெழுத்துப் போட்டு நெறிமுறைக் குழுவுக்கும் ஒரு பிரதி அனுப்பினார். குழுவில் ஒரு பெரியவர், உப்பு என்ன உப்பு என்று விளக்கம் கேட்டதாகக் கேள்வி.

மழைக்காலம் முடிந்து முடிவு வந்தது. கம்ப்யூட்டர் தன் ரகசியத்தைச் சொன்னது. மருந்து வாங்கியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வலி நன்றாக இறங்கியிருந்தது. உப்புத் தண்ணீர் வாங்கியவர்களில் சிலருக்குத்தான். இரண்டாம் கட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. மேடம் அந்தத் தாளை என் கையில் கொடுத்துவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்து அவர் பங்கையும் சாப்பிட்டு என் பங்கிலும் பாதியைச் சாப்பிட்டார். நான் சந்தோஷத்தில் மிதந்தேன். யாருக்கு எது என்ற பட்டியலைப் பார்க்கும்வரை.

ஜகதீசனுக்கு மருந்து. குமரவேலுக்கு உப்புத் தண்ணீர். புருஷோத்தமனுக்கும் உப்புத் தண்ணீர்.

இரண்டு முறை பார்த்தேன். மாறவில்லை. இப்படிச் சிலருக்கு நடப்பது எல்லா ஆராய்ச்சியிலும் உண்டு என்று மேடம் விளக்கினார். நம்பிக்கையிலேயே உடம்பு தேறிக்கொள்ளுமாம். ஆனால் இதை அவரிடம் யார் சொல்வது? சொல்லியாக வேண்டும் என்பதும் விதி. உங்களுக்குள் போனது வெறும் உப்புத் தண்ணீர் என்று தெரிந்த அன்றே அந்த வலது கால் மறுபடி மடங்கிவிட்டால்? பெற்ற பிள்ளைக்கு ஊசி போடும்போது தலையைத் திருப்பிக்கொள்கிறவள் நான்.

புருஷோத்தமனும் கமலமும் வந்தார்கள். நல்ல செய்தியை முதலில் சொன்னேன். கமலம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு மற்றதைச் சொன்னேன், அவர் முகத்தைப் பார்க்காமல்.

புருஷோத்தமன் வெகுநேரம் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்து, மேஜையைப் பிடிக்காமல் வலது காலில் மட்டும் நின்று பார்த்தார்.

"வலிக்கலையே" என்றார்.

"எப்படி வலிக்கும்?" என்றார் கமலம். "உப்புன்னு இந்தப் பொண்ணே சொல்லுதே. இத்தினி வருசமா நானும் அதத்தான சொல்லிகினு கீறேன்?"

நான் பட்டியலை மடித்து வைத்தேன். அவர் சொன்னதற்குப் பதில் சொல்கிற அளவுக்கு நான் படிக்கவில்லை.

புருஷோத்தமன் என் பக்கம் குனிந்தார். யூனியன் காலத்துப் பேச்சுவார்த்தைக் குரல். "பானும்மா, அப்போ எடது காலுக்கும் அந்த உப்புத் தண்ணியே போட்டுருங்க. நமக்கு அது ஒத்துகிச்சு. அந்த மருந்த வேற யாருக்காவது குடுங்க."

"இந்தத் தடவை உப்புத் தண்ணி கிடையாது அங்கிள். எல்லாருக்கும் நிஜ மருந்துதான்."

"கெடையவே கெடையாதா? கொஞ்சங்கூட?"

"மருந்தே போட்டுக்கோங்க" என்றார் கமலம், மஞ்சள் பையை மடியில் சரிசெய்துகொண்டு. "உப்ப நான் பாத்துக்கறேன்."

அதோடு விவாதம் முடிந்தது. வலது காலைத் தொடவே கூடாது என்று புருஷோத்தமன் எழுதி வாங்கிக்கொண்டார். புது ஒப்புதல் படிவத்தை நீட்டினேன். இந்த முறை மின்விசிறியைப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்டு, என் மதியச் சாப்பாட்டு நேரத்தை முழுசாகத் தின்றுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கோபமே வரவில்லை.

கடைசியாக அட்டையை எடுத்து வைத்தேன். ஊசிக்கு முன்னால் இடது காலின் எண்ணைக் குறிக்க வேண்டும்.

"வலி எவ்ளோ அங்கிள்?"

அவர் யோசிக்கவில்லை. விரல் நேராகப் போய் உட்கார்ந்தது.

"எட்டு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்தார். "இது நெசமான எட்டும்மா. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன்.